அம்மாவின் பிடி அரிசியை வாங்கிக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர்கள் எல்லோருக்கும்,

போன வருஷம் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, ஆண்டவருக்கு நன்றிக் காணிக்கை படைக்கிற ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முதல் மணி அடிப்பதற்கு முன்பே என் அம்மா நம் சர்ச் கோவில் வாசலுக்கு வந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிள் கேரியரில் ஒரு துணிப்பையை வைத்துத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தான். பையில் 12 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக அரிசி இருந்தது. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த தம்பி, "பாட்டி, இந்த வருஷம் இதெல்லாம் வாங்குறது இல்ல. கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. கவர் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டான். அம்மாவிடம் கவர் இல்லை. அரிசிப் பை மறுபடியும் சைக்கிளில் ஏறியது. அம்மா வீட்டுக்குப் போய் அதை இறக்கி வைத்துவிட்டு, ஆராதனைக்குத் திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. சொன்னதை அவன் செய்தான். சொன்னவர்கள் நீங்கள், நம் வட்டாரச் சபைகளை நடத்துகிற சேகரக் கமிட்டி. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வருஷம் கேட்டபோது, "ஒரு வருஷம் செஞ்சு பார்ப்போம்மா" என்றீர்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆராதனை முடிவில் வாசித்த அறிவிப்பு அதை நிரந்தரம் ஆக்கிவிட்டது. இனிமேல் பண்டிகைக்கு அரிசி, கருப்பட்டி, தேங்காய், கோழி, முட்டை என்று பொருளாக எதுவும் வாங்க மாட்டீர்கள். அப்படி வந்த பொருளை ஏலம் விடுவதும் கிடையாது. குடும்பத்துக்குக் குறைந்தது 1,000 ரூபாய், குடும்ப எண் எழுதிய கவரில் வர வேண்டும். கொடுத்தவர்கள் பெயரும் தொகையும் கோவில் முன்னால் பேனரில் வரும். 25,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவர்களுக்கு ஆராதனையிலேயே பொன்னாடை. கவர் கொடுத்த குடும்பத்துக்குத்தான் அசன டோக்கன், அதாவது பண்டிகைப் பந்திச் சோற்றுக்கான டோக்கன். ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபையாரே எழுந்து சொல்கிற சனிக்கிழமை ராத்திரி சாட்சிக் கூட்டம் இல்லை. அதற்குப் பதில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவரின் சிறப்புக் கூட்டம், நேரலையோடு.

செப்டம்பர் மாதமே உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் நேரில் வந்து கேட்டேன். கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். கமிட்டி எப்படிப் பார்த்துக்கொண்டது என்பது மூன்று வாரத்துக்கு முன்னால் தெரிந்துவிட்டது. இனி சபையார் எல்லோரும் கேட்கும்படி சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த அரிசி எப்படிச் சேர்ந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 76 வயது. தனியாக இருக்கிறார். என் வீட்டுக்கு வரச் சொன்னால், கோவில் மணி கேட்கிற இடத்தை விட்டு வர மாட்டேன் என்கிறார். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் சமையல். டம்ளரில் ஒரு அளவு அரிசி எடுப்பார். அதைச் சுளகில் கொட்டி, கல் இருந்தால் பொறுக்குவார். அப்புறம் வலது கையால் ஒரு பிடி அள்ளுவார். அள்ளின கையை உடனே பானைக்குக் கொண்டுபோக மாட்டார். நெஞ்சுக்கு நேராக ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு உதடு அசையாமல் என்னவோ சொல்லுவார். பிறகுதான் அந்தப் பிடி பானைக்குள் விழும். பானையில் காய்ந்த மிளகாய் நாலைந்து கிடக்கும், வண்டு வராமல் இருக்க. மீதி அரிசிதான் அன்றைக்கு அவருடைய சோறு. ஒரு டம்ளரில் ஒரு பிடி போனால் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே அளந்து பாருங்கள்.

அது ரேஷன் அரிசிதான். "ரேஷன் அரிசியை யாரும்மா ஏலம் எடுப்பா?" என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். ஏலத்தில் அது என்ன விலைக்குப் போகும் என்று அம்மா ஒருநாளும் யோசித்ததில்லை. தன் சோற்றில் ஒரு பங்கை எடுத்து வைக்கிறார், அவ்வளவுதான்.

என் அப்பா பனையேறி. எனக்கு 11 வயதாக இருந்தபோது, சித்திரை மாதம், நல்ல பதநீர்க் காலத்தில், மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். இடுப்பில் அரிவாள் பெட்டி கட்டியபடியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்குக் காலையில் அவர் இறக்கின பதநீர் அடுப்பில் தாச்சியில் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்காமல் அது தீய்ந்து போன வாடை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

அந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அம்மா எப்போதும்போல அரிசிப் பானையை எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. "அப்பாவே போயாச்சு, இன்னும் எதுக்கு ஸ்தோத்திரம்?" என்று கேட்டேன். அம்மா என்னை அடிக்கவில்லை, அதட்டவில்லை. "உங்க அப்பா போனதுக்கா ஸ்தோத்திரம் சொல்லுதேன்? அதுக்கு இல்லட்டி. அவிய போன பிறகும் எனக்கு ஆண்டவர்கிட்ட பேச முடியுதே. அதுக்கு" என்றார்.

எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. இப்போது 52 வயதில் விளங்குகிறது. மழைக்கு, விளைச்சலுக்கு, சுகத்துக்கு, பிள்ளைகள் வேலைக்கு என்று நாம் சொல்லும் ஸ்தோத்திரம் எல்லாம் நல்லதுதான். ஆனால் அவை எல்லாம் வரும், போகும். எதுவுமே இல்லாமல் போன நாளிலும் ஆண்டவரை நோக்கிக் கூப்பிட ஒரு மனசு நமக்குள் மிச்சம் இருக்கிறதே, அதை நமக்கு யார் கொடுத்தார்கள்? நாமாகச் சம்பாதித்ததா? என் அம்மாவின் பிடி அரிசி அந்த விசுவாசத்துக்காகச் செலுத்துகிற ஸ்தோத்திரம். அதைத்தான் வாசலில் திருப்பி அனுப்பினீர்கள்.

அப்பா இறந்தபின் என்னைத் திருமண்டலப் பள்ளியின், அதாவது பேராயர் தலைமையிலான நம் திருச்சபைப் பள்ளியின், போர்டிங்கில் சேர்த்தார்கள். அப்போதிருந்த போதகர் ஐயரும் அவருக்கு உதவியாக இருந்த உபதேசியாரும்தான் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். போர்டிங்குக்கு வருஷா வருஷம் சுற்று வட்டாரச் சேகரங்களிலிருந்து பண்டிகை அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரு மூட்டையை அவிழ்த்தால் ஒரே நிற அரிசி இருக்காது. வெள்ளை, பழுப்பு, சிவப்பு, பெரிய மணி, சின்ன மணி என்று எல்லாம் கலந்திருக்கும். வேகும்போது பாதி குழைந்துவிடும், பாதி விரைத்து நிற்கும். பிள்ளைகள் முகம் சுளிப்போம். எங்கள் வார்டன் அக்கா ஒருநாள் ஒரு பிடி அரிசியைத் தட்டில் பரப்பி, "இதுல எத்தனை வீடு இருக்குன்னு பாருங்க" என்றார். அந்தச் சோற்றைத் தின்றுதான் நான் படித்தேன், ஆசிரியை ஆனேன். நான் யார் யாருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவர்கள் பெயர் எந்தப் பேனரிலும் வந்ததில்லை.

சாட்சிக் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை எடுத்துவிட்டதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிக வருத்தம். "எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்லுறாங்க, நேரம் போகுது" என்பது உங்கள் காரணம். உண்மைதான், சிலர் நீட்டுவார்கள். காய்ச்சல் வந்ததும் போனதும் ஒவ்வொரு வருஷமும் வரும். ஆனால் அந்த ராத்திரி ஒன்றில்தான் நம் சபையில் மைக் முன்னால் நிற்கத் தகுதி எதுவும் கேட்கப்படாது. படிக்காதவர்களும் பேசலாம். பிரசங்கத்தில் கேட்க முடியாத சில வார்த்தைகளை நான் அங்கேதான் கேட்டிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், பைக் விபத்தில் 23 வயது மகனைப் பறிகொடுத்த ஒருவர் எழுந்து நின்றார். உங்களில் பலரும் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள். மைக்கை வாங்கினார், ரொம்ப நேரம் பேசவில்லை. வெளியே அசனத்துக்கு வெங்காயம் உரிக்கிற பெண்களின் பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னார்: "ஸ்தோத்திரம் சொல்ல இந்த வருஷம் எனக்கு ஒண்ணும் இல்ல. கோவிலுக்கு வரக்கூடாதுன்னுதான் இருந்தேன். வராம இருக்க முடியல. இந்த விசுவாசம் எங்கிட்ட இன்னும் போகாம இருக்கே, அதுக்கு ஸ்தோத்திரம்." மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் ஆமென் சொல்லக்கூட வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு அக்கா தாழ்ந்த குரலில் கீர்த்தனை ஒன்றை ஆரம்பித்தார், எல்லோரும் சேர்ந்துகொண்டோம்.

வெளியூர்ப் பிரசங்கியார் நன்றாகவே பேசுவார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நம் ஊர்க்காரர் அந்த வார்த்தையை நம் ஊரில் சொல்ல ஒரு இடம் வேண்டும். அந்த இடத்தை எடுத்துவிட்டு நேரலை வைத்தால், யாருக்காக வைக்கிறோம்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. நம் ஊருக்கு மேலே குளம் உடைந்து, அம்மா தெருவில் இடுப்பளவு தண்ணீர். வீட்டிலிருந்த ரேஷன் மூட்டை, மாவு, பருப்பு எல்லாம் நனைந்து நாசம். பரணில் இருந்த பிடி அரிசிப் பானை ஒன்றுதான் நனையவில்லை. மூன்று நாள் கரண்ட் இல்லை, ரோடு இல்லை, யாரும் வர முடியவில்லை. அம்மா அந்த அரிசியை எடுத்து, மேட்டிலிருந்த வீட்டு மாடியில் அடுப்பு வைத்து, தெருவுக்கே கஞ்சி காய்ச்சினார். நம் சபையார் மட்டுமில்லை, பக்கத்துத் தெரு அம்மன் கோவில் பூசாரி குடும்பமும் அந்தக் கஞ்சியைத்தான் குடித்தது. "கோவிலுக்கு வச்ச அரிசியாச்சே" என்று ஒருவர் தயங்கினாராம். "ஆண்டவர் இதுக்குத்தான் பரணில வைக்கச் சொல்லிருக்காவ, குடிங்க" என்று அம்மா சொன்னதைப் பின்னால் அவர்களே என்னிடம் சொன்னார்கள். தண்ணீர் வடிந்ததும் பானையைக் கழுவிக் காயவைத்து, ஜனவரியில் முதல் பிடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அந்த வருஷப் பண்டிகைக்கு 7 கிலோ தேறியது. அதை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். ஏலத்தில் ஒரு ஆசிரியர் 300 ரூபாய்க்கு எடுத்தார். ரசீதை அம்மா இன்னும் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.

இப்போது 1,000 ரூபாய் கணக்குக்கு வருகிறேன். அம்மாவுக்கு வருமானம் என்றால் முதியோர் உதவித்தொகை மட்டும்தான், மாதம் 1,200 ரூபாய். உங்கள் கவருக்குப் போனால் மீதி 200. "நீங்க டீச்சர்தானே, அம்மாவுக்கும் சேர்த்து நீங்க கட்டிரலாமே" என்று உங்களில் ஒருவர் சொன்னார். கட்டலாம். என்னிடம் பணம் இருக்கிறது, என் கவரை நான் கொடுத்துவிட்டேன். ஆனால் அம்மாவின் ஸ்தோத்திரத்தை நான் எப்படிக் கட்ட முடியும்? அதுவும், மகளோ மகனோ சம்பளம் வாங்காத விதவை என்ன செய்வாள்? போன வருஷம் கம்மலை அடகு வைத்து அந்தக் கவரை நிரப்பிய ஒரு வீடு எனக்குத் தெரியும். பெயர் பேனரில் வராவிட்டால் பெண்ணுக்கு வரன் பேசுகிற இடத்தில் கேவலமாகிவிடும் என்று பயந்து செய்தார்கள்.

போன வருஷப் பேனரின் முன்னால் நின்று எண்ணிப் பார்த்தேன். 143 பெயர்கள். சபைக் குடும்பங்களைப் பதிந்து வைக்கிற சங்கப் புத்தகத்தில் உள்ளவை 210 குடும்பங்கள். மற்ற 67 குடும்பங்களைப் பற்றி அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சுத்தமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான், மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். அவர்கள் ஸ்தோத்திரம் சொல்ல வராதவர்கள். நாம் செய்தது என்ன? அரிசியோடும் முட்டையோடும் ஸ்தோத்திரம் சொல்ல வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினோம்.

ஐயா, நீங்கள் எனக்கு வேதம் கற்றுக்கொடுக்கிற இடத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கேட்கிறேன். பிள்ளை பெற்ற தாய் ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும், அதற்கு வசதி இல்லாவிட்டால் இரண்டு காட்டுப்புறாவோ புறாக்குஞ்சோ போதும் என்று மோசேயின் நியாயப்பிரமாணமே ஏழைக்கு வழி விட்டிருக்கிறது. நம் ஆண்டவரைப் பெற்ற மரியாள் தேவாலயத்துக்குக் கொண்டுபோன காணிக்கை அந்த ஏழைக் காணிக்கைதான். அன்றைக்கு வாசலில் ஒருவர் உட்கார்ந்து, "இந்த வருஷம் பறவை வாங்குறது இல்ல" என்று சொல்லியிருந்தால்? பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது இன்னும் நேரடியானது: "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்." குறைந்தது 1,000 என்று நீங்கள் நியமித்த பிறகு, என் அம்மா தன் மனதில் நியமிக்க என்ன இருக்கிறது?

ஒவ்வொரு ஞாயிறும் காணிக்கைத் தட்டைப் பீடத்தில் வைத்து, "எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்" என்று நீங்கள் சொல்ல, நாங்கள் எழுந்து நிற்கிறோம். அவர் கரத்திலிருந்து ரூபாய் மட்டுமா வாங்கினோம்? பதநீரும் முட்டையும் முருங்கைக்காயும் யார் கரத்திலிருந்து வந்தன?

இந்த மண்ணில் நமக்கு விசுவாசம் வந்த வழியையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஊரைவிட்டு அடித்து விரட்டப்பட்ட புது விசுவாசிகள் தங்க 1799-இல் நிலம் வாங்கி உண்டாக்கின ஊர்தான் முதலூர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில், தருமசங்கத்துக்கு நம் ஜனங்களே காசு போட்டு, துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, நம் பணத்திலேயே நம் ஊழியரை அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள். அதை முன்னின்று நடத்திய அசரியா ஐயர் நம் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர்; 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல் வரைக்கும் ஊழியக்காரரை அனுப்பிய நம் முன்னோர் பணக்காரர்களா? பனையேறிகளும் விவசாயிகளும்தான். அவர்களிடம் குறைந்தபட்சத் தொகை கேட்டிருந்தால் ஒரு ஊழியரைக்கூட அனுப்பியிருக்க முடியாது.

பிடி அரிசியால் இந்தக் காலத்தில் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறீர்கள் என்றால், மிசோரமைப் பாருங்கள். அங்கே பிரஸ்பிடேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். 'புஃபாய் தாம்' என்று பெயர். சபையார் வீடு வீடாகச் சேகரித்து, விற்று, அந்தப் பணத்தில் ஊழியம் நடத்துகிறார்கள். இன்றைக்கும் அது அவர்கள் சபையின் பெரிய வருமானங்களில் ஒன்று. அவர்கள் பிடியைத் தூக்கி எறியவில்லை, ஒழுங்குபடுத்தினார்கள்.

சரி, உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏலத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு குடும்பம் போட்டி போட்டு, அது பகையாக முடிந்ததை நானும் பார்த்திருக்கிறேன். மத்தியானம் மூன்று மணி வரைக்கும் இழுத்து, குழந்தைகள் பசியில் அழுததும் உண்மை. கோழி ஆல்டர் பீடம் வரைக்கும் ஓடியிருக்கிறது. கோவில் கூரை ஒழுகுகிறது, உபதேசியார் சம்பளம் இருக்கிறது, திருமண்டலத்துக்குக் கட்ட வேண்டியது இருக்கிறது. பணம் வேண்டும். வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? கூரைக்கு என்று தனியாகக் கேளுங்கள், சபையார் கொடுப்பார்கள், நானும் கொடுப்பேன். கணக்கை வாசியுங்கள், இன்னும் அதிகம் கொடுப்பார்கள். கூரைக்குப் பணம் பிரிக்கிற வேலையை ஸ்தோத்திரப் பண்டிகையின் தலையில் கட்டியதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

அசன டோக்கன் விஷயத்தில் எனக்குச் சமாதானம் சொல்லவே முடியாது. நம் ஊரில் அசனம் என்றால் கோவில் வளாகத்தில் பந்தி போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் சோறு. எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்டதே இல்லை. வெள்ளத்தில் அம்மாவிடம் கஞ்சி குடித்த பூசாரி வீட்டுப் பிள்ளைகள் வருஷா வருஷம் நம் அசனத்துக்கு வருவார்கள். போன வருஷம் வாசலில் டோக்கன் கேட்டதும் திரும்பிப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் முகத்தை நான் பார்த்தேன். நம் ஆண்டவரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி அந்தப் பந்தியில் தெரிந்ததுதான்.

ஆகவே நான் கேட்பது இதுதான்.

குறைந்தபட்சத் தொகை என்ற முடிவை இந்தப் பண்டிகைக்கு முன்னால் ரத்து செய்யுங்கள். கவர் இருக்கட்டும்; அதில் குடும்ப எண் வேண்டாம். பேனரில் பெயரும் தொகையும் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். கணக்கைத் தணிக்கை செய்து, மொத்தத்தை மட்டும் சபையில் வாசியுங்கள், போதும்.

பொருள் காணிக்கையை மறுபடியும் வாங்குங்கள். ஆல்டர் முன்னால் ஒரு மேஜை போடுங்கள், பழையபடி சபையார் வரிசையாக வந்து வைக்கட்டும். ஆராதனை தாமதமாகும் என்றால் ஏலத்தை அடுத்த நாள் சாயங்காலம் வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். அல்லது ஏலமே வேண்டாம், அரிசியும் தேங்காயும் அசனத்துக்கும் போர்டிங் பிள்ளைகளுக்கும் போகட்டும். அந்த வேலையைப் பெண்கள் ஐக்கிய சங்கம் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. எங்களில் 14 பேர் பெயர் கொடுத்திருக்கிறோம்.

அசனத்துக்கு டோக்கன் வேண்டாம். பூசாரி வீட்டுக்கு நம் ஆட்கள் யாராவது நேரில் போய்க் கூப்பிட வேண்டும். ஐயா போனால் இன்னும் நல்லது.

சனிக்கிழமை ராத்திரி சாட்சிக் கூட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஒருவருக்கு ஐந்து நிமிஷம் என்று மணி வையுங்கள், ஏற்றுக்கொள்வோம். வெளியூர்ப் பிரசங்கியார் வரட்டும், வெள்ளிக்கிழமை பேசட்டும்.

இவை எல்லாவற்றையும் ஜூலை மாதத்துக்குள் சபைக் கூட்டம் கூட்டி, கமிட்டி அறையில் அல்லாமல் சபையார் முன்னால் பேசுங்கள். பேனரில் பெயர் வராத அந்த 67 குடும்பங்களுக்கும் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்புங்கள். எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

கடைசியாக ஒன்று. போன வருஷம் திருப்பி அனுப்பிய அரிசியை அம்மா இன்னும் சமைக்கவில்லை. காணிக்கை என்று எடுத்து வைத்ததை உலையில் போட அவருக்குக் கை வரவில்லை. மாதம் ஒரு தடவை வெயிலில் காயப்போட்டு, சுளகில் புடைத்து, வண்டு பொறுக்கி, மறுபடியும் பானையில் போட்டு வைக்கிறார். இந்த வருஷத்துப் பிடி அரிசி பக்கத்தில் இன்னொரு பானையில் சேர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு பானையும் பரணில் இருக்கின்றன. எந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவர வேண்டும் என்று அம்மா கேட்கிறார். தேதி சொல்லுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபையின் அங்கத்தினரான ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை